நடுகல் வீரனின் நடை

தருமபுரியில் ஓர் அருங்காட்சியகத்தில் ஜெயபிரியாவுக்கு ஒப்பந்த வேலை. வருகிறவர்களிடம் டேப்லெட்டைக் கொடுத்து, நடுகல்லுக்கு நேராகப் பிடிக்கச் சொல்வாள். கல்லில் நிற்கும் வீரன் திரையில் இறங்கி வந்து மாடு கவர்ந்தவர்களோடு மோதுவான். விளையாடுகிறவர்கள் மாடுகளை ஊருக்குள் ஓட்டிச் சேர்க்க வேண்டும். கடைசி மாடு உள்ளே போனதும் வீரன் அம்பு பட்டுச் சாய்வான்.

சாய்வது அவள் புருஷன் சந்திரன்.

பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிப்போகும் டெம்போ ஓட்டியவன். ஒருநாள் ஜெயபிரியாவைக் கூட்டிப்போக அருங்காட்சியகத்துக்கு வந்தவனின் ஆகிருதியைப் பார்த்துத்தான், விளையாட்டை உருவாக்கிய பாரதி நடிக்கக் கேட்டாள். உடம்பெல்லாம் அசைவைப் பதியும் கருவி ஒட்டிக்கொண்டு மூன்று நாள் ஓடினான், விழுந்தான். முகத்தை மாற்றிவிட்டார்கள். இடதுகாலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் நடை மட்டும் அப்படியே இருந்தது.

போன ஆவணியில் தொப்பூர் கணவாயில் டெம்போ கவிழ்ந்தது. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர். நாற்பது தடவை அவன் விழுந்தான். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பாரதிக்குப் போன் போட்டாள். "ஒரு வாட்டியாச்சும் அவர எழுந்து வூட்டுக்குப் போற மாதிரி பண்ண முடியாதுங்களா?"

"அந்த வீரன் செத்ததாலதானே அக்கா ஊரே கல்லு நட்டுச்சு" என்றாள் பாரதி. வேண்டுமானால் வேறு ஆளை நடிக்க வைத்து மாற்றித் தருவதாகச் சொன்னாள். ஜெயபிரியா வேண்டாமென்று போனை வைத்துவிட்டாள். தினமும் அவன் நடப்பதையாவது பார்க்கலாமே.

தை மாதம் மகள் தேன்மொழியின் இரண்டாம் வகுப்பைச் சுற்றுலா அழைத்து வந்தார்கள். வீரனாக நடித்தது யாரென்று குழந்தைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வீரன் நாலடி வைத்ததுமே, "அப்பா" என்றாள். அவன் விழுந்தபோது அழவில்லை. 'மீண்டும்' என்ற பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மாடுகளை உள்ளே விடாமல் நிறுத்திவைத்துப் பார்த்தாள்; நேரம் தீர்ந்து அப்போதும் விழுந்தான். பின்னால் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஜெயபிரியாதான் டேப்லெட்டை வாங்கினாள்.

அன்று சாயங்காலமே பாரதியிடம் மாற்றிவிடச் சொன்னாள்.

பத்தாம் நாள் புது வீரன் வந்தான். நேராக நடந்தான், நன்றாகவே விழுந்தான். சந்திரன் நடித்த பழைய பதிவு எங்காவது இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை தேன்மொழி தானே தலைசீவிக்கொண்டு செருப்பு மாட்டி வாசலில் நின்றாள். அப்பாவைப் பார்க்கப் போகலாம் என்றாள்.

"இன்னைக்கு மியூசியம் லீவு, கண்ணு" என்றாள் ஜெயபிரியா.

அடுத்த வாரமும் மகளிடம் அதையே சொன்னாள்.