தட்டோடு வந்த குடும்பங்கள்

1. முதல் வீடு

வேலைக்குப் போன முதல் நாளே என்னைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஊழியர் என்று நினைத்து விரட்டிவிட்டார்கள்.

சின்னாளபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தறிச் சத்தம் கேட்கும் தெருவுக்குள் நுழைந்தேன். தோளில் பை, கையில் குடை, கஞ்சி போட்ட காட்டன் புடவை. எண்பதுகளில் அந்தக் கோலத்தில் தெருவுக்குள் வரும் பெண் ஒரே ஒரு காரியமாகத்தான் வருவாள். நான் வாயைத் திறக்கும் முன்பே ஓர் அம்மாள், "எங்க வீட்டுல எல்லாம் ஆபரேசன் ஆகிப் போச்சு. வேற வீடு பாரு தாயி" என்று கதவைச் சாத்தினார். அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. மூன்றாவதுதான் நான் தேடி வந்த வீடு. திறந்தவர் சரஸ்வதி அக்கா. நான் விஷயத்தைச் சொன்னதும், "என் மகனைப் பத்திக் கேக்கவா வந்தீக? நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பாயை விரித்தார்.

அப்போது திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்திருந்த சமயம். நான் சமூகப்பணி படித்து முடித்துவிட்டு, ஓர் ஆய்வில் ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டராகச் சேர்ந்திருந்தேன். இப்போது ஆட்டிசம் என்றால் பலருக்கும் தெரிகிறது. அப்போது எனக்கே அந்தச் சொல் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அறிமுகம். ஊரில் அந்தப் பிள்ளைகளுக்கு மந்தம், ஊமை, சாமி குத்தம் என்று வேறு பெயர்கள். பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பி, வைத்தியமும் கைவிட்டு, வீட்டோடு வளர்ந்து பெரியவர்களான பிள்ளைகள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள், குடும்பம் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை.

சரஸ்வதி அக்காவின் மகன் தங்கவேலுக்குப் பதினேழு வயதிருக்கும். வந்ததும் என் குடையை வாங்கிக்கொண்டான். விரித்தான், மடக்கினான், விரித்தான். முகமெல்லாம் சிரிப்பு. அன்று முழுவதும் குடை அவனிடம்தான் இருந்தது.

கேள்விகள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. "மற்றவர்கள் பேசும்போது உங்கள் மகன் அவர்களின் கண்களைப் பார்ப்பதுண்டா?" என்று வாசித்தேன்.

"யார் பேசறப்ப? எங்க வீட்டுக்காரரு பேசறப்பவா? அவரு கண்ணைப் பாத்து நின்னா அடில்ல விழும்!" என்றார் அக்கா. தறிக்குழிக்குள் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த அவருடைய கணவர் அங்கிருந்தே சிரித்தார்.

"பிறந்த நாள் விழாக்களில் மற்ற குழந்தைகளோடு கலந்துகொள்வானா?"

"யாரு பொறந்த நாளு? இந்தத் தெருவுல யாருக்கு அதெல்லாம் கொண்டாடுறாக?"

இப்படியே சிரித்துச் சிரித்து இன்டர்வியூ முடிந்தது. நான் பேனாவை மூடும்போது அக்கா என் கையைப் பிடித்தார். "டீச்சர், நீங்க இம்புட்டுக் கேட்டீகளே, நான் ஒண்ணு கேக்கவா? என் மகன் மாதிரி இன்னொரு பிள்ளை எங்கயாச்சும் இருக்கா?"

அன்றைக்கு மாவட்டம் முழுவதும் எங்கள் பட்டியலில் ஏழு குடும்பங்கள் இருந்தன. ஒரு குடும்பத்தைப் பற்றி இன்னொரு குடும்பத்திடம் வாய் திறக்கக் கூடாது என்பது ஆய்வின் விதி. "இருக்காங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். அதற்கே அவர் முகம் மாறியது. "அப்ப நான் மட்டும் இல்லையா?" என்றார்.

2. பேகம்பூர்

அடுத்த வாரம் திண்டுக்கல் பேகம்பூரில் ஜமீலா அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் காதர் பாய் தோல் மண்டி வைத்திருந்தார். இரண்டு பெண்கள். மூத்தவள் மும்தாஜுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளையவள் ஷமீம், பதினாறு வயது. முற்றத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஏதோ ராகம் முனகியபடி நடந்துகொண்டே இருந்தாள். என் பக்கம் வரும்போது மட்டும் என் வளையலை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போவாள்.

அந்த வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டுக்கு ஷமீமைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கூட்டத்தைக் கண்டு அவள் தரையில் படுத்துக் கத்தியிருக்கிறாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பேயோட்டச் சொல்லி ஒருவர், அடித்து வளர்க்கச் சொல்லி ஒருவர். அதோடு அவளை வெளியே அழைத்துப் போவதை நிறுத்திவிட்டார்கள். நல்லது கெட்டது எதற்கும் தாயும் தகப்பனும் சேர்ந்து போனதில்லை. ஒருவர் போனால் ஒருவர் வீட்டில்.

"எழுதிக்கங்கம்மா, அதுல ஒண்ணும் இல்ல" என்றார் காதர் பாய். "ஆனா எங்க வீட்டுப் பேரு வெளிய போகப்படாது. மூத்தவளைக் கட்டிக் கொடுக்கணும் பாருங்க."

அவர் மண்டிக்குக் கிளம்பிய பிறகு ஜமீலா அக்கா டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "வேற யாரு வீட்டுலயாச்சும் இப்படி ஒரு பிள்ளை பாத்திருக்கியளா டீச்சர்? அந்தத் தாய் என்ன செய்றான்னு கேக்கணும் போல இருக்கு."

சரஸ்வதி அக்கா வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் டவுன் பஸ்ஸில் போனால் செத்த நேரம்தான். ஆனால் அதை நான் சொல்லக் கூடாது.

3. மேடம்

ஆய்வை நடத்தியவர் மெட்ராஸிலிருந்து வரும் ஒரு பேராசிரியை. மேடம் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். கறாரானவர். ஒரு கேள்வி விட்டுப் போயிருந்தாலும் திரும்ப அந்த ஊருக்கே அனுப்பிவிடுவார். குஜிலியம்பாறைக்கு அப்படி ஒரு தடவை வெயிலில் திரும்பப் போயிருக்கிறேன்.

அவரிடம் பயந்து பயந்துதான் கேட்டேன். "மேடம், இந்தக் குடும்பங்களை ஒரு நாள் ஒண்ணாச் சேர்த்து வைக்கலாமா?"

"அவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிட்டா இதே கேள்வியைத் திரும்பக் கேக்கற அடுத்த ரவுண்டுல பதில் மாறிடுமேம்மா. டேட்டா என்ன ஆகும்?" என்றார்.

நான் இரண்டு அம்மாக்கள் கேட்டதையும் அப்படியே சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "முதல் ரவுண்டு எல்லா வீட்டுலயும் முடிச்சிடு. அப்புறம் சேர்த்து வைப்போம். பதில் மாறினா மாறட்டும், ஏன் மாறிச்சுன்னு எழுதிக்கலாம். ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் சம்மதம் வாங்கணும். ஒருத்தரையும் வற்புறுத்தக் கூடாது" என்றார்.

வீடு வீடாகப் போனேன். சரஸ்வதி அக்கா நான் சொல்லி முடிப்பதற்குள், "வாரோம்" என்றுவிட்டார். சித்தையன்கோட்டையில் ஒரு வீடு, குஜிலியம்பாறையில் ஒரு வீடு, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் காய்கறி விவசாயம் செய்யும் பழனிசாமி அண்ணன் என்று எல்லோரும் சரி என்றார்கள். காதர் பாய் மட்டும் மறுத்துத் தலையை ஆட்டிவிட்டார். "வேணாம்மா. நாலு பேரு பாத்தா நாப்பது பேருக்குத் தெரியும்."

உள்ளே இருந்து மும்தாஜ் வந்தாள். தகப்பனை எதிர்த்துப் பேசாத பெண். அன்று பேசினாள். "அத்தா, நாளைக்கு நிக்காஹ் முடிஞ்ச பெறகு தெரிஞ்சா மட்டும் என்ன செய்வாக? என்னைத்தேன் கேப்பாக. இப்பவே தெரியட்டுமே. அம்மா ஒரு நாளாச்சும் ஷமீமைக் கூட்டிட்டு வெளிய போயிட்டு வரட்டும்."

காதர் பாய் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை.

4. அந்த ஞாயிற்றுக்கிழமை

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய அறையைக் கேட்டு வாங்கியிருந்தோம். ஏழு குடும்பமும் வந்தது. கடைசியாகக் குதிரை வண்டியில் ஜமீலா அக்கா, வெள்ளைத் துப்பட்டியை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, இரண்டு பெண்களோடு வந்து இறங்கினார். காதர் பாய் வரவில்லை.

அம்மாக்கள் ஆளுக்கொரு சுவரோரமாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். இதற்காகவா இத்தனை பேரை அலைக்கழித்தோம் என்று தோன்றியது.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பியூன், மெட்ராஸ் மேடம் வருகிறார்கள் என்ற மரியாதையில் எங்களிடம் கேட்காமலே மைக் செட்டுக்குச் சொல்லியிருந்தார். மைக்காரர் ஒயரைச் சொருகி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். ஸ்பீக்கர் 'கீய்ய்' என்று கத்தியது.

தங்கவேல் இரண்டு காதையும் பொத்தினான். சித்தையன்கோட்டைப் பையன் பெஞ்சுக்கு அடியில் நுழைந்தான். ஷமீம் தரையில் விழுந்து வீறிட்டாள்.

ஜமீலா அக்கா எழுந்துவிட்டார். "போயிருவோம் மும்தாஜ், வண்டியைக் கூப்பிடு. ஒங்க அத்தா அப்பவே சொன்னாகள்ல" என்றார்.

அதற்குள் சரஸ்வதி அக்காவின் குரல் மைக்கை விடப் பெரிதாகக் கேட்டது. "ஏலே அப்பு, மொதல்ல அதை அமத்து!"

மைக் நின்றது. சரஸ்வதி அக்கா நேராக வந்து ஷமீமுக்குக் கொஞ்சம் தள்ளி, அவளைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தார். "அவளா எந்திரிப்பா. நீங்க உக்காருங்க தாயி. எந்த ஊரு நீங்க? பேகம்பூரா? நான் சின்னாளபட்டி" என்று பேச்சைத் தொடங்கினார். மற்ற அம்மாக்களும் அதுவரை இல்லாத பேச்சை அப்போதுதான் ஆரம்பித்தார்கள். மிக்ஸி போட்டால் என் பிள்ளை தெருவுக்கு ஓடுவான் என்றார் ஒருவர். எங்க வீட்டுல குக்கர் விசில் என்றார் இன்னொருவர்.

ஜமீலா அக்கா சுற்றிலும் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார். என்னிடம், "டீச்சர், ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கலையே" என்றார்.

"பாக்க என்ன இருக்கு? எங்க வீட்டுல தெனமும் நடக்குறதுதானே!" என்றார் சரஸ்வதி அக்கா. ஷமீம் கொஞ்ச நேரத்தில் எழுந்து, முனகியபடி அறையின் நீளத்துக்கும் நடக்கத் தொடங்கினாள். தங்கவேல் பின்னாலேயே நடந்தான்.

மதியம் புளியோதரையும் தயிர்சாதமும் வாழையிலையில் பரிமாறினோம். ஜமீலா அக்கா தயங்கித் தயங்கி, "ஒண்ணும் நெனச்சுக்காதீக, இவ இதுலதேன் சாப்புடுவா" என்று வயர் கூடையிலிருந்து ஓர் அலுமினியத் தட்டை எடுத்தார். சரஸ்வதி அக்கா அதைப் பார்த்துவிட்டு, தன் கூடையிலிருந்து ஓரம் நெளிந்த எவர்சில்வர் தட்டை எடுத்து முன்னால் வைத்தார். குஜிலியம்பாறை அம்மாள் ஒரு பீங்கான் தட்டை எடுத்தார். கடைசியில் பழனிசாமி அண்ணன், வெட்கப்பட்டுக்கொண்டே மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு தட்டை எடுத்தார்.

"ஏனுங்க, இதை வெளிய எடுக்கறதுக்கு காலைல இருந்து கூச்சமா இருந்துச்சுங்க. என்ர பையன் இதுல போட்டாத்தானுங்க தொடுவான்."

சிரிப்பு வெடித்தது. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் ஆரம்பித்தார். சரஸ்வதி அக்காவுக்குப் புரை ஏறியது. எழுத உட்கார்ந்த மேடம் எழுதுவதை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வாசலில் காதர் பாய் நின்றுகொண்டிருந்தார். மனசு கேட்காமல் வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருக்கிறார். உள்ளே வராமல் என்னைக் கூப்பிட்டு, "அது ஜமீலா சிரிக்கிற சத்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போய், தங்கவேலின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு இலை போடுங்க" என்றார்.

5. பிறகு

மேடம் பயந்தபடியே இரண்டாவது ரவுண்டில் பதில்கள் மாறின. கஷ்டத்தை யாரிடம் சொல்வீர்கள் என்ற கேள்விக்கு முன்பு எல்லோரும் "யார்கிட்ட?" என்று என்னையே திருப்பிக் கேட்டவர்கள். இப்போது சின்னாளபட்டி அக்கா, பேகம்பூர் அக்கா என்று ஊர் பேர் சொன்னார்கள். மேடம் அதைத் தனி அத்தியாயமாக எழுதினார். ஆய்வு முடிந்து நாங்கள் மூட்டை கட்டிய பிறகும் அந்தக் குடும்பங்கள் மாறி மாறி ஒரு வீட்டில் கூடிக்கொண்டுதான் இருந்தன.

அதன்பிறகு பல ஆய்வுகளில் வேலை பார்த்தேன். புதிதாக ஃபீல்டுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கேள்வி முடிந்ததும் பையைத் தூக்காதீர்கள். டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டியது என்ன என்பது அப்போதுதான் வெளியே வரும்.

மும்தாஜுக்கு முதலில் வந்த சம்பந்தம், காதர் பாய் ஷமீமைப் பற்றிச் சொன்னதும் விலகிப் போய்விட்டது. அவர் அசரவில்லை. அடுத்து வத்தலக்குண்டிலிருந்து வந்தவர்களிடமும் முதல் பேச்சாக அதைத்தான் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் ஷமீமைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நிக்காஹ் அன்னைக்கு இவ எங்க உக்காருவா?" என்று மட்டும் கேட்டார். "எங்ககூடத்தேன்" என்றார் ஜமீலா அக்கா. "அப்பச் சரி" என்றார் அந்த அம்மாள்.

நிக்காஹ்வுக்கு மற்ற ஆறு குடும்பங்களும் போனோம். என்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன். பிரியாணி முடிந்து பெண்கள் பக்கம் கை கழுவப் போனால், அங்கே ஷமீம் சின்னாளபட்டிச் சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு, செம்பும் கையுமாக நிற்கிறாள். நீட்டுகிற கையிலெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறாள். தண்ணீர் விரலிடுக்கில் வழிவதைக் குனிந்து பார்த்துக் கலகலவென்று சிரிக்கிறாள். வரிசை நீண்டுகொண்டே போனது. கழுவிவிட்டுப் போனவர்களே திரும்பி வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய் எனக்கு முன்னால் நின்றிருந்தார். அவர் கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. நானும் இரண்டு தடவை கழுவினேன்.