ஆன்ட்டிக்குச் சொல்லாத செய்தி

அந்த கேக் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் தெருவிலிருந்த ஆன்ட்டி ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் தன் வீட்டில் விருந்து வைப்பார். ஒரே பெரிய கேக்கில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே சேரப்போகும் கல்லூரியின் பெயரை க்ரீமில் எழுதியிருப்பார்கள். அந்த ஆண்டு நாங்கள் நான்கு பேர். என் பெயருக்குக் கீழே மட்டும் வெறும் ஒரு பூ. அம்மா தயங்கிக் கேட்டதற்கு ஆன்ட்டி எல்லோர் முன்னாலும் சிரித்தார். “அவ கம்யூனிட்டி காலேஜ்தானே போறா? அது ஸ்கூல்லயே தர்ட்டீன்த் கிரேடு படிக்கற மாதிரி. அதையெல்லாம் கேக்ல எழுதுவாங்களா?”

அப்பாவுக்கு வேலை போயிருந்த வருடம் அது. இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்தே அந்த கம்யூனிட்டி காலேஜில் குறைந்த கட்டணத்தில் படித்து, அங்கே முடித்த பாடங்களின் கிரெடிட்டுகளோடு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் ஆண்டில் சேரலாம். கடைசியில் கிடைக்கும் பட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். இதை அம்மாவுக்குப் பத்து முறையாவது விளக்கி, அவரும் தேறியிருந்தார். அந்த ஒரு சிரிப்பில் எல்லாம் போயிற்று. நான் பட்டம் வாங்கிய பிறகும் ஊரார் வீட்டு விருந்து எதற்கும் அம்மா போகவில்லை. ஆன்ட்டியை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்க முயன்றதும் இல்லை.

இன்று அதே கல்லூரியில் நான் ட்ரான்ஸ்ஃபர் கவுன்சிலர். இரண்டாண்டு முடித்தவர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவைப்பது என் வேலை. ஆன்ட்டியின் கடைக்குட்டி மகன், அந்த விருந்தன்று நடை பழகிக்கொண்டிருந்தவன், பேர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் முதல் வருடமே தடுக்கி விழுந்து எங்களிடம் வந்து சேர்ந்தான். ஊரில் யாருக்கும் தெரியாது. ஆன்லைனில் படிக்கிறான் என்று ஆன்ட்டி சொல்லி வைத்திருக்கிறார்.

போன வாரம் அவரே என் அறைக்கு வந்தார்.

“அவன் என்கிட்ட முகம் குடுத்தே பேசறதில்லம்மா. யூனிவர்சிட்டில இடம் கெடச்சுதா இல்லையான்னு மட்டும் சொல்லிடு. சாப்பாடே எறங்க மாட்டேங்குது.”

“பையன் கையெழுத்து போட்டுக் குடுக்காம பேரன்ட்ஸ்கிட்ட எதுவும் சொல்லக்கூடாது ஆன்ட்டி. இங்க சட்டம் அப்படி.”

சட்டம் அப்படித்தான். உதடு துடிக்க அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு இனித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவரைக் கதவு வரை போய் வழியனுப்பினேன்.

பையனுக்கு இடம் கிடைத்து அன்றோடு நான்கு நாள். அம்மா கேட்டால் சொல்லிவிடுங்கள் என்று சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். அந்தத் தாள் என் மேசை மேல்தான் இருந்தது.