ரிப்போர்ட் வராத ஞாயிறு

காலை ஐந்து பத்து. முதலில் கண்ணில் பட்டது மின்சூளையின் முகப்பில் சிவப்பாக எரிந்த எண்: 214. ஆண்டின் கடைசி ஞாயிறு அது. உள்ளே இருந்த பானை எட்டு மணி ஆராதனைக்குக் கோயிலில் இருந்தாக வேண்டும்.

சூளை நூறு டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை மூடியைத் தொடக்கூடாது. சூடான பானையில் குளிர்ந்த காற்று பட்டால் விரிசல் விடும். சேலையூரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒன்பது வருடமாக மண்பாண்டம் செய்கிறேன். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழில் செய்திகளைத் திருத்தினேன். இரண்டு வேலையிலும் முதல் விதி ஒன்றுதான்: காத்திரு.

எங்கள் சபையில் ஆண்டுக் கடைசி ஞாயிறன்று பீடத்தருகே ஒரு புதுப் பானை வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு சீட்டு. அந்த வருடத்துக்கான நன்றியை எழுதி அதில் போட வேண்டும். யாரும் பிரித்துப் படிப்பதில்லை. போதகர் பானைமேல் கை வைத்து ஜெபிப்பார். ஆறு வருடமாக அந்தப் பானை என்னுடையது. இந்த வருடம் வனைந்து வைத்தது காய்ந்தே கிடந்தது. சனிக்கிழமை காலைதான் சூளையில் ஏற்ற முடிந்தது. அதுவரை குரோம்பேட்டையில், மருத்துவமனையில் இருந்தோம். என் மனைவியின் கழுத்தில், தைராய்டில் இருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். அதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு திங்கட்கிழமை.

ஐந்தே முக்காலுக்குச் சபைச் செயலர் ஆட்டோவோடு வந்து நின்றார். மேடவாக்கம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"இன்னா அண்ணா, பானை ரெடியா?"

"இன்னும் ஆறல."

"ஆண்டவரே மண்ணுல மனுசன செஞ்சாரு. ஆற வுட்டாரா? ஊதினாரு, எழுந்து நடந்தான். உனக்கு மட்டும் மிசினு, மீட்டரு."

சிரித்துவிட்டு டீக்கடைக்குப் போனார். நான் மூடியைத் திறந்தேன். எண் 207 காட்டியது. ஏன் திறந்தேன் என்பதற்கு நல்ல காரணம் கிடையாது. நான்கு மாதமாகக் காத்திருந்து அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

நான்கு நிமிடம் கழித்து டிங் என்று ஒரு சத்தம். பானையின் வாயிலிருந்து தோள்வரை முடிபோல ஒரு கோடு.

ஏழு மணிக்குக் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்தேன். மனைவி கழுத்துக் கட்டோடு வந்து பார்த்தாள். "தண்ணியா ஊத்தப் போறாங்க? சீட்டுதானே. எடுத்துட்டுப் போங்க." பிறகு, "சாட்சிக்கு உங்க பேரைக் குடுத்திருக்கேன்," என்றாள்.

சாட்சி என்றால், எழுந்து நின்று தேவன் இந்த வருடம் தனக்குச் செய்ததைச் சபைமுன் சொல்வது. வேதத்தில் குயவனும் களிமண்ணும் வருவதால் எனக்குச் சபையில் ஒரு தனி மரியாதை உண்டு. நான் எழுந்தாலே அந்த வசனத்தை எதிர்பார்த்துத் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். களிமண்ணுக்கு அசதி கிடையாது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

"ரிப்போர்ட் வரட்டும். எது வந்துச்சுன்னே தெரியாம எதுக்கு நன்றி சொல்றது?"

"நல்லா வந்தாதான் சொல்வீங்களா?"

"தெரியலன்னு சொல்றேன். உறுதியாகாததைப் போடக்கூடாது."

"அது பேப்பர்ல." பானையின் கோட்டை விரலால் தடவினாள். "சூளைக்குக் காத்திருக்க முடியல. ஆண்டவருக்கு மட்டும் ரிப்போர்ட் வரட்டுமாம்."

பானையைப் பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். வழியில் அவள் சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"உங்களுக்கா எழுதினேன்?"

விரிசல் சுவர்ப் பக்கம் வரும்படி செயலர் பானையைத் திருப்பி வைத்தார். எனக்கு முன் மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். ஒருவருக்கு வேலை, ஒருவருக்குப் பேரன், பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு வீட்டில் குடி நின்றது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமென் விழுந்தது. பிறகு என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

"ஸ்தோத்திரம். ரிப்போர்ட் நாளைக்குத்தான் வருது. அதுக்கு முன்கூட்டி நன்றி சொல்ல எனக்குத் தெரியல. வந்ததை மட்டும் சொல்றேன். ஆகஸ்ட்லேர்ந்து பதினோரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதினோரு தடவையும் நம்ம செயலர் ஆட்டோலதான். எதிர்வீட்டு அக்கா நம்ம சபை இல்ல, பெருமாள் கோயிலுக்குப் போறவங்க. பத்து நாள் கஞ்சி கொண்டாந்தாங்க. ஆபரேஷன்ல குரல் போகலாம்னு டாக்டர் சொல்லியிருந்தார். போகல. கண்ணு முழிச்சதும் இவ கேட்டது, 'வீட்ல கேஸ் சிலிண்டரை மூடுனீங்களா?'"

பெண்கள் பக்கத்தில் சிலர் சிரித்தார்கள்.

"வேற நல்ல செய்தி இல்ல. ரொம்ப அசதியா இருக்கு. ஜெபம் பண்ண உக்காந்தா தூங்கிடறேன். இது வரைக்கும் வந்ததுக்கு நன்றி."

உட்கார்ந்தேன். ஆமென் எங்கே சொல்வது என்று யாருக்கும் பிடிபடவில்லை. போதகர் ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். மனைவி என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து வெற்றுச் சீட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்து என் மடியில் வைத்தாள். வீட்டுக்கு ஒரு சீட்டுதான் வழக்கம். "எதிர்வீட்டு அக்கா, கஞ்சி, பத்து நாள்" என்று எழுதினேன். வரிசையில் போய்ப் பானையில் போட்டுவிட்டு வந்தேன். போதகர் ஜெபித்தபோது நான் தூங்கிவிட்டதாக அவள் பிறகு சொன்னாள்.

திங்கட்கிழமை பதினொன்றே காலுக்கு ரிப்போர்ட் கிடைத்தது. புற்றுநோய்தான். தைராய்டில் மீதியையும் எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். இவள் தேதி கேட்டாள்.

இரண்டாவது அறுவை சிகிச்சை பொங்கல் கழிந்த புதன்கிழமை, காலை ஏழு மணிக்கு.