பூமாலை வாங்கிய துண்டு

நான் கட்டட மேஸ்திரி. பூமாலை என்னிடம் பதினெட்டு வருஷமாகச் சித்தாள். தன்னையும் ஒருநாள் மேஸ்திரி என்று கூப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. பொம்பளை மேஸ்திரியா என்று நானே சிரித்திருக்கிறேன்.

அப்சல் பாய் வீட்டுக்கு வாசல் நிலை வைத்த அன்று எனக்கு இடுப்புப் பிடிப்பு. தூக்குக்குண்டு பிடித்து நிலையை நிறுத்தியது பூமாலைதான். நூலளவும் சாயவில்லை.

நிலை செய்த பீகார் தச்சனை அவன் கூட்டாளி "மிஸ்திரி" என்றான். தச்சன் எப்படி மேஸ்திரி ஆவான் என்று பாயிடம் கேட்டேன்.

"அது போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன வார்த்தைங்க. அவங்க பாஷையில வாத்தியாருன்னு அர்த்தம். இந்தில தச்சரு, மோட்டார் ரிப்பேர் பண்றவரு, எல்லாருமே மிஸ்திரிதான்."

"வாத்தியாரா? நம்ம மேஸ்திரி மூணாங்கிளாஸே தாண்டலியே!" என்றாள் பூமாலை. "அத்தினி பேருக்கு அந்தப் பட்டத்தக் குடுத்தாங்களே, எனக்குக் குடுத்தா இன்னா கொறஞ்சிபூடும்?"

நிலை வைத்த மேஸ்திரிக்குத் துண்டு கொடுப்பது வழக்கம். பாய் என்னிடம் நீட்டினார். வாங்கிப் பூமாலையிடம் கொடுத்தேன்.

"இந்தா மேஸ்திரி."

உடனே அதைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டாள்.

"அப்போ கலவைச் சட்டிய யாரு தூக்கறது?" என்றேன்.

"நீங்கதான். சீக்கிரம் கொண்டாங்க, காத்துக்கினு இருக்கேன் பாருங்க."