பூட்டைப் போட்டவர்

மாமா என் அக்காவைப் பெண் கேட்டு வந்த அன்று, "பொண்ணைக் கண் கலங்காம வெச்சுக்குவீங்கல்ல?" என்று அப்பா அவரிடம் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் கேள்வி முடியும் முன்பே தலையாட்டியிருப்பார்கள். இந்த மனிதர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்காகப் பாடுபடுவேங்க. ஆனா உறுதியா சொல்ல முடியாது" என்றார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா மட்டும் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு வந்து, கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாமாவைக் கிண்டல் செய்ய வேறு விஷயமே தேவைப்படவில்லை. மழை வருமா என்றால் சொல்ல முடியாது என்பார். சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று அக்கா கேட்டால், இன்னும் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார். அக்காவின் பொறுமைக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறி, மெயின் ஸ்விட்சை இறக்கி, அதில் தன் சொந்தப் பூட்டைப் போடுவார். சாவி சட்டைப் பையில். பூட்டைப் போட்டவரேதான் அதைத் திறக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். கட்டடத்தின் சொந்தக்காரரே வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒருவர் சக்கரத்துக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

எங்கள் கட்டடத்துக்கு அவரைக் கொண்டுவந்தது நான்தான். நான் இருப்பது ஆறாவது மாடியில். இருக்கிற ஒரே லிஃப்டை வருடக்கணக்காக மாமாதான் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு குறையும் இல்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் சும்மா இருந்திருந்தால் இனியும் குறை வந்திருக்காது. அவர் போனில் எதையாவது படித்துவிட்டு ஊருக்கே வைத்தியம் பார்க்கிற ரகம். லிஃப்ட் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட ஆரம்பித்ததும், மெக்கானிக்கைக் கூப்பிடுவானேன் என்று, காவலாளியை விட்டு இரும்புக் கயிறுகளின் மேல் என்ஜின் ஆயிலை ஊற்றச் சொல்லியிருக்கிறார். சத்தம் நின்றது. மனிதர் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். அப்புறம் லிஃப்ட் மாடிக்கு நேராக நிற்காமல் ஒரு சாண் கீழே நிற்க ஆரம்பித்தது. எல்லோரும் காலைத் தூக்கி வைத்து ஏறிப் பழகிக்கொண்டோம். என் மகள் அதில் இடறி விழுந்த பிறகுதான் மாமாவுக்கு போன் செய்தேன்.

மறுநாள் வந்தார். நான் டீ எடுத்துக்கொண்டு மேலே போனபோது, ஒரு பழைய துணியைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். துணி அங்கங்கே மாட்டிக்கொண்டு கிழிந்தது.

"பாத்தியா? கம்பி கம்பியா அறுந்திருக்கு. எண்ணெய் மூடியிருந்ததால தெரியல" என்றார். "கயிறு சக்கரத்தை இறுக்கிப் பிடிச்சாத்தாம்மா லிஃப்ட் நிக்கும். அதுல போய் எண்ணெயை ஊத்தியிருக்காங்க, வழுக்காம என்ன செய்யும்?"

புதுக் கயிறு வர நாலைந்து நாளாகும், அதுவரை யாரும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் துடைக்க உட்கார்ந்தார். பூட்டு ஸ்விட்சில் தொங்கியது. மாடிப்படி ஏற வேண்டும் என்றதும் கட்டடமே முணுமுணுத்தது. எனக்கும்தான் எரிச்சல். கையில் காய்கறிப் பையோடு ஆறு மாடி ஏறிப் பார்த்தால் தெரியும்.

அன்று பிற்பகலில்தான் ஒன்பதாவது மாடி டீச்சருக்கு நெஞ்சு வலி வந்தது.

டீச்சர் எங்கள் கட்டடத்தில் பாதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். தப்பாகப் போட்டால், "விடை பரவாயில்ல, வழி எங்கடா?" என்று காதைத் திருகுவார். கணவர் இல்லை. ஒரே மகன், அப்போதுதான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தான். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் எங்கள் குறுகலான படித் திருப்பத்தில் வளையவில்லை. ஆம்புலன்ஸ் ஊழியர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஓடினார். டீச்சர் மகன் மொட்டை மாடிக்கு ஓடினான். பின்னாலேயே தலைவர், நான், இன்னும் சிலர்.

"அண்ணே, பூட்டைத் திறங்க. அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஒரே ஒரு தடவை, கீழ இறங்கினா போதும்."

மாமா எண்ணெய்க் கையோடு எழுந்து நின்றார். "ஒரு தடவைதான்னு கயித்துக்குத் தெரியாது தம்பி."

"நாலு கயிறு இருக்கு, பிரேக் இருக்கு" என்று தலைவர் கத்தினார். "நேத்து வரைக்கும் நாங்க எல்லாரும் இதுலதான் போனோம் வந்தோம். இன்னிக்கு மட்டும் விழுந்துடுமா?"

"விழாமலும் இருக்கலாம்."

"அப்ப போகும்ங்கறீங்க!"

மாமா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கட்டாயம் விழும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கீழே ஓடியிருப்போம். அவரோ, "பெரும்பாலும் போகும்" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "பெரும்பாலும் போகும்னா திறந்து தொலைங்களேன் மாமா! உயிருக்குப் போராடிட்டு இருக்காங்க!"

"வழுக்கினா நடுவுல எங்கயாவது நிக்கும். கதவைத் திறக்க முடியாம உள்ள மாட்டிக்குவாங்க. அதைவிட மோசமாவும் ஆகலாம். பெரும்பாலும்னு சொல்லி நான் யாரையும் லிஃப்டுல ஏத்தினதில்ல. என் அம்மாவா இருந்தாலும் ஏத்த மாட்டேன்."

"சுத்தியல் கொண்டாங்கப்பா, பூட்டை உடைப்போம்" என்றார் தலைவர். மாமா ஸ்விட்சுக்கு முன்னால் வந்து முதுகைச் சாய்த்து நின்றார். அவருடைய கை சாவி இருந்த சட்டைப் பையின் மேல் இருந்தது. டீச்சர் மகன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"அடிக்கணும்னா அப்புறமா அடி தம்பி" என்றார் மாமா. "இப்ப கையில தெம்பு வேணும். ஒரு நாற்காலி எடு. கீழ்ப்பக்கம் நான் பிடிக்கிறேன்."

டீச்சரைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காரவைத்து, படுக்கை விரிப்பால் மார்போடு சேர்த்துக் கட்டினோம். கீழ்ப்பக்கம் மாமா, பின்னோக்கி இறங்கியபடி. மேல்பக்கம் மகன். பக்கத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர். பாரம் எல்லாம் கீழ்ப்பக்கத்துக்குத்தான் வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலிக் கால் சுவரில் இடித்தது, டீச்சரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நான் பிடித்து நிமிர்த்தினேன். அவர் விட்ட மூச்சின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஐந்தாவது மாடியில் மகனின் கை வழுக்கியது. நாற்காலி அப்படியே மாமாவின் மார்பில் வந்து விழுந்தது. அவர் கைப்பிடிச் சுவரில் மோதி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் கண்ணைத் திறந்து, "மெதுவா" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஆம்புலன்ஸ் ஊழியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நிக்காதீங்க, நிக்காதீங்க" என்றார். நாற்காலியை மறுபடி தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

ஒரு வழியாக ஆம்புலன்ஸ் கிளம்பியது. மாமா கடைசிப் படியில் உட்கார்ந்தார். உதட்டில் ரத்தம். யாரும் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. கொடுக்கத் தோன்றாத அளவுக்குக் கோபம், அதை இன்றைக்கும் நான் மறைக்கப்போவதில்லை.

டீச்சர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மகன் கேட்டதற்கு, "பிழைச்சிருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம்" என்றாராம் டாக்டர். டாக்டர் சொன்னால் அது பக்குவம். அதையே மாமா சொன்னால் குற்றம். கட்டடம் தீர்ப்பு எழுதிவிட்டது. 'பூட்டைப் போட்டுக் கொன்னுட்டான்' என்று என் காதுபடவே பேசினார்கள்.

புதுக் கயிறுகள் வந்தன. கழற்றிப் போட்ட பழைய கயிறுகளைப் பார்க்க எல்லோரும் கூடினார்கள். எனக்கு ஒரு நப்பாசை. இற்றுப்போய்க் கிடந்தால் போதும், மாமாவின் பழி தீர்ந்துவிடும். கயிறு கொண்டுவந்த கம்பெனி ஆள் புரட்டிப் பார்த்தார். "மாத்த வேண்டியதுதான். ஆனா அன்னிக்கே அறுந்திருக்கும்னு சொல்ல முடியாது. இன்னும் கொஞ்ச நாள்கூட ஓடியிருக்கும்" என்றார். அந்த ஆளின் வாயில் மண்ணைப் போடலாம் போலிருந்தது.

அன்று நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர் மகன் உங்களைப் பாக்கணும்ங்கறான். நாளைக்கு நீங்க லிஃப்டை ஒப்படைக்க வரும்போது கீழ வருவான். லிஃப்டுல போயிருந்தா நிச்சயம் அறுந்து விழுந்திருக்கும்னு சொல்லிடுங்க மாமா. கயிறு பாக்க அவன் வரல, அந்தக் கம்பெனி ஆள் சொன்னது இன்னும் அவனுக்குத் தெரியாது. அவனுக்கும் மனசு ஆறும், உங்க மேல இருக்கிற பழியும் போகும். இதுல யாருக்கு என்ன குறைஞ்சிடும்?"

அக்கா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் தொழில் விஷயத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"எனக்காக இந்த ஒரு தடவை சொல்லுங்களேன்" என்றாள். "கடைக்குப் போனாக்கூட ஒரு மாதிரி பாக்கறாங்க. உங்களை அப்படிப் பேசறதை என்னால கேக்க முடியல."

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். "பாப்போம்" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பூட்டைக் கழற்றினார். தனியாக ஏறி, மேலும் கீழுமாகப் பலமுறை போய் வந்தார். ஒவ்வொரு மாடியிலும் தரைக்கு நேராக நின்றது. கீழே என்னைத் தவிர ஒருவரும் இல்லை. மகன் படியிறங்கி வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"ஒண்ணு கேக்கணும்ணே. அன்னிக்கு அம்மா லிஃப்டுல போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவனுக்குப் பின்னால் நின்று, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று மாமாவுக்குக் கண்ணால் கெஞ்சினேன். மாமா என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"நல்லபடியா கீழ வந்து சேர்ந்திருப்பாங்கன்னுதான் நினைக்கிறேன் தம்பி."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அப்புறம் ஏண்ணே?"

"நினைக்கிறேன், அவ்வளவுதான். அன்னிக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணுல உங்கம்மாவை ஏத்திவிட என்னால முடியல."

"நாளைக்கே மறுபடியும் இப்படி நடந்தா?"

"பூட்டைத் திறக்க மாட்டேன்."

இப்போது அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் அடிக்கவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மாமாவும் கொஞ்சம் தள்ளி அதே படியில் உட்கார்ந்தார், தொடவில்லை.

"நிச்சயம் விழுந்திருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே" என்றான் வெகு நேரம் கழித்து. "உங்களை மன்னிச்சிட்டு, இன்னிக்காவது நிம்மதியா தூங்கியிருப்பேனே."

"தெரியும்பா" என்றார் மாமா. "நானும் தூங்கியிருப்பேன்."