இரண்டே முக்கால் மணி நேரப் பயணம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை பார்த்துவந்த என் கணவர் அன்று காலை துபாய்க்குக் கிளம்பினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறியவர் அவர்தான். மகனை அனுப்ப மாமியாருக்கு மனசே இல்லை. சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று நச்சரித்து அனுப்பியது நான்.

டிக்கெட்டில் புறப்படுவது பத்து மணி, போய்ச் சேருவது பன்னிரண்டே முக்கால் என்று போட்டிருந்தது. ஆக, இரண்டே முக்கால் மணி நேரம். பூந்தமல்லிக்குப் போய்ப் புடவை எடுத்துத் திரும்பவே அதைவிட அதிக நேரம் ஆகும் என்று மாமியாரிடம் பெருமையடித்தேன். ஒரு மணிக்குள் பேசிவிடுவார் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

ஒரு மணிக்குப் போட்டால் போன் சுவிட்ச் ஆஃப். ஒன்றரைக்கும் அதேதான். பெட்டி வர நேரமாகும் என்று சமாளித்தேன். இரண்டு மணிக்கு எனக்கே நம்பிக்கை போய்விட்டது. டிவியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, கீழே ஓடுகிற செய்திகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. அவர் டிவியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வடித்த சோற்றை யாரும் தொடவில்லை.

திடீரென்று அவர் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார்.

"உன் ஊட்டு ஆசைக்கு எம் புள்ளய தூக்கிக் குடுத்துட்டியேடி."

அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் கழுத்தில் இருந்த தாலியைத்தான் பார்த்தார்கள்.

அப்போது போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு எண். கெட்ட செய்தி சொல்லத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுக்கவே பயந்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் பட்டனை அழுத்தி என் காதில் வைத்தார். என் கணவரேதான். கூட வந்த பயணியின் போனை வாங்கிப் பேசினார்.

"எறங்கிட்டேம்மா. பிளேன்காரன் சொன்ன டைமுக்குக் கொண்டாந்துட்டான். இங்க மணி ஒன்னே காலு ஆவுது. நீங்கல்லாம் சாப்ட்டீங்களா?"

எங்கள் சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால், டிக்கெட்டில் போட்டிருந்தது அந்த ஊர் நேரம் என்பதெல்லாம் அப்போதுதான் உறைத்தது. மாமியார் போனை வாங்கி, "சாப்ட்டோம் நைனா" என்றார்.

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. மாமியார் ஆறிப்போன சோற்றைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்தார். சொன்னதற்கு வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

என் கணவர் இன்னும் துபாயில்தான் இருக்கிறார். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டி அஸ்திவாரம் போட்டாயிற்று. என் கணக்கைச் சொல்லி வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் மாமியார் சொன்ன அந்த வார்த்தையை, அவர் வாய் திறப்பதற்கு முன்பே நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது இன்றுவரை அவர்கள் யாருக்கும் தெரியாது.