போர்ட்டிகோ மேல் முளைத்த நாற்று

எந்தப் பக்கம் விழலாம் என்று தீர்மானிக்க முடியாமல்தான் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோ இன்னும் நின்றுகொண்டிருக்கிறது என்று மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வரும்போதெல்லாம் சொல்வார். மேல்தளத்துக் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்து கிடந்தது. மழை வந்தால் வெளியே நிற்பவர்களைவிட உள்ளே நிற்பவர்கள்தான் அதிகம் நனைவார்கள். அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அதன்மேல் மிளகாய் காய்ந்தது, அதன்கீழ் கன்றுக்குட்டி படுத்தது. வேறென்ன வேண்டும்?

நான் ஐந்தாவது படித்த வருஷம் மாமா அத்தைக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. திருச்செங்கோட்டுப் பக்கம், லாரி ஓட்டும் குடும்பம். பெண் பார்க்கக் காரில்தான் வருவார்களாம். காரை இந்த இடிபாட்டுக்கு அடியிலா நிறுத்தச் சொல்வது என்று மாமா கேட்டார். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது. ஆகவே ஆனி முடிவதற்குள் போர்ட்டிகோவைச் சீர்செய்து, அவர்களை வரவழைத்துவிட வேண்டும் என்று முடிவானது. அத்தையோ சேலத்தில் டீச்சர் டிரெய்னிங் படிக்க மனுப்போட்டுவிட்டுத் தினமும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா படி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மச்சான் பேச்சுக்கு மறுபேச்சு பேச அவருக்கு வாயே வராது.

மேஸ்திரி தேடும் படலம் ஆரம்பமானது. முதலில் வந்தவர் ரோட்டில் நின்றபடியே, வீட்டையும் சேர்த்து இடித்துவிடலாம் என்றார். இரண்டாமவர் இரண்டு முறை டீ குடித்துவிட்டு, மாமாவின் வாட்ச்சைப் புகழ்ந்துவிட்டுப் போனார். மூன்றாவதாகச் சேலத்திலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. யாரிடமும் பேசாமல் பூச்சுக் கரணையின் பிடியால் ஒவ்வொரு தூணாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நான் சும்மா இருப்பேனா? தூணின் மறுபக்கம் என் காதை வைத்தேன்.

“என்ன கேக்குது சாமி?” என்றார்.

“நல்ல பூசணிக்காயத் தட்டுனாப்பல இருக்குதுங்க.”

அவர் அப்பா பக்கம் திரும்பி, பாப்பா சொல்வதுதான் சரி, தூண்கள் கெட்டி, மேல்தளத்தை மட்டும் உடைத்துப் புதிதாகப் போட்டால் போதும் என்றார். அந்த நிமிஷமே நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

ஆனி பிறந்த மறுநாள் காங்கிரீட். என் வாழ்க்கையில் அதற்கு ஈடான திருவிழாவை அதுவரை நான் பார்த்ததில்லை. அம்மா மஞ்சளில் பிள்ளையார் பிடித்துச் சூடம் காட்டினாள். மேஸ்திரி நெற்றியிலும் தோளிலும் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். சித்தாள்கள் ஏணியில் வரிசையாக நின்று இரும்புச் சட்டிகளைக் கைமாற்ற, கலவை மேலே பறந்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, எல்லாருக்கும் மோர் ஊற்றுகிற சாக்கில் ஏணியடியிலேயே கிடந்தேன். சாயங்காலம் தளம் ஈரமாக, வழவழவென்று கிடந்ததைப் பார்த்தபோது சந்தோஷத்தில் எனக்குக் காய்ச்சல் வரும்போல இருந்தது.

மறுநாள் மேஸ்திரி தளத்தின்மேல் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். “இருவத்தொரு நாளைக்குத் தண்ணி வத்தக் கூடாதுங்க. அப்புறந்தான் கீழ குடுத்திருக்கற முட்டுக் கம்பெல்லாம் எடுப்பேன். மேல பாரம் ஏதாச்சும் இருந்தா எடுக்க மாட்டேன்,” என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். தண்ணீர் ஊற்றும் உத்தியோகம் எனக்கும் அத்தைக்கும் கிடைத்தது. எங்களைத் தவிர யாருக்கும் அந்த ஏணியில் ஏற வேலையில்லை. மாப்பிள்ளை வீட்டார் இருபத்தாறாம் நாள் வருவதாக ஏற்பாடு.

ஒன்பதாவது நாள் அத்தை, “வெறுந்தண்ணி சீக்கிரம் சுண்டிரும் கண்ணு. அடியில கொஞ்சம் சேறு இருந்தா நிக்கும்,” என்றாள். அதுவும் நியாயமாகப் பட்டது. காலை முழுக்க வண்டல் சுமந்து மெத்தினோம். அப்புறம் அவள் நனைந்த சாக்கு மூட்டை ஒன்றை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக மூக்கு நீட்டிய நெல்.

“தூவி உடு. மேஸ்திரி வந்து பாக்கறப்ப அசந்து போயிருவாரு. அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சுடக் கூடாது.”

தூவினேன். பன்னிரண்டு நாள் அந்த ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொழுது விடிந்ததும் ஏணி ஏறுவேன். ஊசி ஊசியாகக் கிளம்பிய பயிர் விரல் உயரமாகி, ஒரு சாணை எட்டப் போனது. ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வாய் துறுதுறுக்கும்.

இருபத்தோராம் நாள் மேஸ்திரி மேலே ஏறினார். பிறகு, “ஏனுங்க, கொஞ்சம் மேல வாங்க,” என்று அப்பாவைக் கூப்பிட்டார். பின்னாலேயே மாமாவும் ஏறினார். பாராட்டு விழாவுக்குப் போவதுபோல நானும் ஏறினேன். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் ஏணிப் பக்கமே ஒதுங்கிக்கொண்டேன். இதை யார் செய்தது, எல்லாவற்றையும் பிடுங்கி எறியுங்கள் என்று அவர் கத்தினார். நான்தான் விதைத்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். அத்தையைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பயிரின் தலையை உள்ளங்கையால் தடவினார். ஒரே சீராக, ஒரு சொட்டை இல்லாமல் முளைத்திருந்தது. எட்டிக் கீழே அத்தையைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

“பச்சைப் பயிரப் புடுங்கி எறிய என்னால ஆகாதுங்க மச்சான்,” என்றார்.

நாற்று எடுக்க இன்னும் பத்து நாளாவது ஆகும், அதற்குள் ஆடி பிறந்துவிடும். தண்ணீர் கூடுதல் நாள் நிற்பதால் தளத்துக்கு நல்லதுதான், ஆனால் பாரம் இறங்காமல் முட்டு எடுக்க மாட்டேன் என்று மேஸ்திரி கைவிரித்தார். முட்டுக் கம்புக் காட்டுக்குள்ளா மாப்பிள்ளையை உட்கார வைப்பது என்று மாமா புலம்பினார். வேறு வழியில்லாமல் ஆவணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அதுவரை பொறுமையில்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மாமா இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

நாற்று மூலை வயலுக்குப் போனது. தளம் கல்லாக நின்றது. ஆடி நடுவில் அத்தைக்குச் சேலத்திலிருந்து கடிதம் வந்தது. கல்யாணம்தான் தள்ளிப்போய்விட்டதே, சும்மா இருப்பதற்குப் படிக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிய அன்று, என்னால்தான் உன் கல்யாணம் நின்றுபோனது என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவள் சிரித்தாள். முதல் லீவுக்கு வந்தபோது ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு பொட்டலம் எனக்கென்றே தனியாக வாங்கி வந்தாள். இவ்வளவு கெடுதல் செய்தவளுக்கு முறுக்கா, என் அத்தைக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டே அத்தனையையும் தின்றேன்.

கல்யாணமாகிப் போன வீட்டில்தான் முதன்முதலாக விதைநெல்லை என் கையால் முளைகட்டினேன். ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடிக் கல்லேற்றி, இன்னும் ஒன்றரை நாள் காக்க வேண்டும். மூட்டையை அவிழ்த்து, வெள்ளை மூக்குகளைப் பார்த்ததும் களத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கு வருகிற வேலையா அது? ஆயுசெல்லாம் விதை முளைகட்டிய அப்பா, இதை முளைகட்டியது யார் என்று அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.